பிற்பாட்டுக்கு எழுதுவது

(கோவில் பாடகர் குழாம்களுக்கான பயிற்சி நாள் ஒன்றில் மன்னாரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னுடைய தோல்வி ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். கொழும்பில் நாலு வருஷம் இசை படித்துவிட்டு ஊருக்கு வந்த புதிது. நாற்குரல் எழுதப் படித்தவனுக்கு நாற்குரல் எழுதாமல் இருக்க முடியாது. புதுக் கத்தி வாங்கியவன் வேலிக் கதியாலையெல்லாம் வெட்டிப் பார்ப்பது போல. இந்தக் கரையோரக் கிராமம் ஒன்றின் கோவிலுக்கு, நத்தார் நள்ளிரவுப் பூசையில் பாட என்று சங்கராபரணத்தில் ஒரு பாட்டு எழுதினேன். சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ், நாலும் தனித்தனி. எட்டுக் கிழமை பழக்கினேன். டெனரில் நாலு பேர். அதில் இரண்டு பேர் அண்ணன் தம்பி. அன்று மாலை கடலுக்குப் போனவர்கள் பூசைக்கு முன் கரை சேரவில்லை. மூன்றாவது ஆளுக்குத் தடிமன். மிஞ்சின ஒருவர் இரண்டு வரி தன் குரலைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்றாம் வரியில் மெல்ல வழுக்கி மெட்டுக்கு வந்துவிட்டார். அவர் வந்ததைப் பார்த்து ஆல்ட்டோ அக்காமாரும் வந்தார்கள். பேஸ் ஏற்கெனவே வந்திருந்தது. கடைசிச் சரணத்தில் எல்லோரும் ஒரே மெட்டை மேலும் கீழுமாக இரண்டு ஸ்தாயியில் பாட, நான் மட்டும் ஓர்கனில் நாலு குரலையும் தனியே வாசித்துக்கொண்டிருந்தேன்.

பூசை முடிந்து வெளியே வந்தபோது ஊர்க் கூத்து அண்ணாவியார் வாசலில் நின்றார். எழுபது வயது தாண்டியவர். “தம்பி, நல்லாத்தான் கிடந்தது” என்றார். “ஆனா கடைசியில எல்லாரும் ஒரே பாட்டுக்குத்தானே வந்தவை. அதை முதல்லயே எழுதியிருக்கலாமே.”

அப்போது எனக்குக் கோபம். இந்தக் கரையில் பாட்டெழுதுவது பற்றி எனக்குக் கிடைத்த முதல் பாடம் அதுதான் என்று விளங்கப் பத்து வருஷம் சென்றது.

இன்றைக்கு நான் பேச வந்தது இவ்வளவுதான். சம்பளம் இல்லாமல், இசைக்குறி வாசிக்கத் தெரியாமல், செபமாலை முடிந்த பிறகு சனிக்கிழமை ஒரு மணித்தியாலம் மட்டும் கூடுகிற நம்முடைய பாடகர் குழாமுக்கு எப்படி எழுதுவது? “எளிமையாக எழுது” என்று எல்லோரும் சொல்கிறார்கள். எளிமை என்றால் என்ன என்று யாரும் சொல்வதில்லை. பெரிய பாட்டில் பாதியை வெட்டிவிட்டால் கிடைப்பது எளிமை அல்ல, மொட்டை.

முதலில் ஆட்களைப் பார்ப்போம். நம்முடைய சராசரிக் குழாமில் பெண்கள் எட்டுப் பத்துப் பேர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஐந்தாறு பேர், ஆண்கள் மூன்று நாலு பேர். அந்த மூன்று நாலும் நிலையான கணக்கு அல்ல. நம் தீவுக்கு இரண்டு கரை. வடக்கே பாக்கு விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. சோளகம் எழும்பினால் ஒரு பக்கக் கடல் தொழிலுக்கு ஆகாது, வாடை வந்தால் மற்றப் பக்கம். தொழிலோடு ஆட்களும் இடம் மாறுவார்கள். சிலர் வாடி போட்டு மாதக்கணக்கில் வேறு கரையில் தங்கிவிடுவார்கள். ஆகவே நம்முடைய ஆண்குரல் காற்றின் பக்கம் பார்த்து நடப்பது. ஆண்குரல் இல்லாவிட்டால் விழுந்துவிடும் பாட்டை இந்தக் கரைக்கு எழுதுகிறவன் இந்தக் கரையை அறியாதவன். நான் அறியாதவனாக இருந்தேன்.

இனி அந்த அண்ணாவியாரிடம் வருகிறேன். அவர் கையில் என்ன இருந்தது?

இந்த ஊர்களின் வேதத்துக்குப் பாட்டுத்தான் முதுகெலும்பு என்று நான் சொன்னால் சாமிமார் கோபிக்கக் கூடாது. 1542 இலிருந்து முத்துக்குளித்துறையில் அலைந்த சவேரியார் தமிழ் சரளமாகப் பேசினவர் அல்ல. செபங்களைத் தமிழில் பெயர்ப்பித்து, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, தான் ஒரு வரி சொல்ல அவர்கள் திருப்பிச் சொல்லும்படி பழக்கினார். இதை அவரே உரோமைக்கு எழுதிய கடிதத்தில் விவரிக்கிறார். ஒருவர் சொல்ல, ஊர் திருப்பிச் சொல்லும். 1544 இல் யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னனின் ஆட்கள் இந்தத் தீவில் வெட்டிச் சாய்த்த ஏறக்குறைய 600 பேருக்கும் வேதம் போய்ச் சேர்ந்தது அப்படித்தான். அவர்களிடம் புத்தகம் இருக்கவில்லை. காதும் வாயும் இருந்தன.

பிறகு 1658 இல் ஒல்லாந்தர் மன்னாரைப் பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருக்கள் விரட்டப்பட்டார்கள். 1687 இல் யோசேவ் வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேரும்வரை ஏறக்குறைய முப்பது வருஷம் பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. மாந்தையிலிருந்து மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு 1670 இல் மடுக் காட்டுக்குள் போனவர்களோடு எந்தக் குருவும் போகவில்லை. மூப்பரும் செபம் சொல்லத் தெரிந்த கிழவிமாரும் போனார்கள். முப்பது வருஷம் ஒரு வேதத்தைக் காப்பாற்றியவர்கள் இவர்கள். இவர்களைவிடப் பெரிய பாடகர் குழாமை நான் எங்கே தேடுவது? அந்த வாஸ் அடிகளாருக்கு 2015 ஜனவரி 14 அன்று காலையில் காலிமுகத்திடலில் புனிதர் பட்டம் கொடுத்துவிட்டு, அன்று பிற்பகலே பிரான்சிஸ் பாப்பரசர் மடுவுக்கு வந்தார். இங்கே இருப்பவர்களில் பாதிப்பேர் அன்று மடுவில் வெயிலில் நின்று பாடியவர்கள்.

1705 இல் கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்தவர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்தவர். அவருடைய வியாகுலப் பிரசங்கம் இன்றும் தவக்காலத்தில் வாசிக்கப்படுகிறது. ஒருவர் இராகமிழுத்து வாசிப்பார். இடையிடையே பெண்கள் ஒப்பாரி எடுப்பார்கள். தனிக்குரல் ஒன்று, கூட்டுக்குரல் ஒன்று. மறுபடி அதே அமைப்பு.

அதே அமைப்பு கூத்துக் களரியிலும் இருந்தது. மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என்று நம் அண்ணாவிமார் இரண்டு வகை பிரித்தார்கள். மூவிராசாக்கள் நாடகம், என்றீக்கு எம்பரதோர் நாடகம், ஞானசவுந்தரி, அவற்றைச் சுருக்கிய வாசாப்பு, எல்லாம் இந்த மண்ணில் கோவில் திருநாளை ஒட்டி ஆடப்பட்டவை. ஆடுகிறவன் ஒரு தரு பாடுவான். மேடை ஓரத்தில் மத்தளமும் சல்லரியுமாக நிற்கும் அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். ஆடுகிறவனுக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்கும். பார்க்கிறவனுக்குச் சொல் இரண்டாம் முறை காதில் விழும். பிற்பாட்டுக்காரன் வரியைத் தன் கணக்கில் கொஞ்சம் கீழே இறக்கியோ மேலே ஏற்றியோ முடிப்பான். ஒரு தடவை இரண்டு பிற்பாட்டுக்காரர் இரண்டு விதமாக முடித்ததைக் கேட்டேன். ஒருவர் ஆதாரத்தில் நின்றார், மற்றவர் பஞ்சமத்தில் நின்றார். நான் கொழும்பில் நாலு வருஷம் காசு கட்டிப் படித்தது அந்த ஓரத்தில் சும்மா நடந்துகொண்டிருந்தது.

அதற்கும் பின்னால் போனால் கரைவலை. அம்பாப் பாட்டில் ஒருவர் எடுக்க, கயிறு இழுக்கிற அத்தனை பேரும் பதில் சொல்வார்கள். பதில் நீளமாக இருந்தால் வலை வராது.

ஆகவே நமக்கு ஒரு கூட்டுப்பாடல் முறை ஏற்கெனவே உண்டு. அதற்குப் பெயர் பிற்பாட்டு. நான் சொல்வதெல்லாம், பிற்பாட்டை மனதில் வைத்து எழுதுங்கள் என்பதுதான். எடுத்துக் கொடுக்க ஒருவரோ இருவரோ பாடத் தெரிந்தவர்கள். கடினமான பகுதி அவர்களுக்கு. வாங்கிப் பாடக் குழாம். நடுத்தரப் பகுதி அவர்களுக்கு. அதற்கும் பின்னால் கோவில் நிறைய சனம். அவர்களுக்கு மூன்று நாலு சொல். இந்த மூன்று அடுக்கையும் ஒரே பாட்டில் வைத்தால் எவரும் சும்மா நிற்க மாட்டார்கள், எவரும் திணறவும் மாட்டார்கள்.

திருச்சபைச் சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறதா என்று கேட்பீர்கள். ஒரு காலத்தில் கொடுக்கவில்லை. பத்தாம் பத்திநாதர் பாப்பரசர் 1903 நவம்பர் 22, செசிலியம்மாள் திருநாளில் வெளியிட்ட கட்டளையில் பியானோ கூடாது, மேளம் தாளம் போன்ற இரைச்சல் வாத்தியம் கூடாது, குழாமில் பெண்கள் கூடாது என்றெல்லாம் இருந்தது. பெண்களை எடுத்துவிட்டால் மன்னாரில் எந்தக் கோவிலில் பாட்டு மிஞ்சும்? என் பாட்டனாரிடம் ஒரு பழைய கொப்பி இருந்தது. லத்தீன் பாட்டுகளைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்தது. தந்தும் எர்கோ முழுவதும் அவருக்கு மனப்பாடம், ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாது. அவர் பாடியதைக் குறைவாகச் சொல்லவில்லை, கண்ணீரோடு பாடியவர். ஆனாலும் 1963 டிசம்பர் 4 அன்று வத்திக்கான் சங்கம் வழிபாட்டு ஏட்டை நிறைவேற்றி, மக்கள் பங்கெடுத்துப் பாட வேண்டும், அந்தந்த நாட்டு இசை மரபுக்கு உரிய மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று எழுதியபோது, களரி ஓரத்தில் நின்ற மத்தளம் கோவிலுக்குள் வர வழி பிறந்தது.

வந்ததா? பாதிதான் வந்தது. மீதி இடத்தைக் கசெற் பிடித்துக்கொண்டது.

தமிழ்நாட்டிலிருந்து வந்த கசெற்றுகளையும், இப்போது யூடியூப்பில் வரும் பாடல்களையும் நான் திட்டப் போவதில்லை. அவற்றில் நல்ல பாட்டுகள் நிறைய. என் வீட்டிலும் ஒலிக்கின்றன. ஆனால் அவை ஒலிப்பதிவுக் கூடத்துக்காக, தேர்ந்த ஒரு பாடகருக்காக எழுதப்பட்டவை. ஒன்றரை ஸ்தாயி ஏறி இறங்கும். இடையிசைக்கு வயலின் கூட்டம் வேண்டும். நம் குழாம் அதை எடுத்தால் பல்லவியில் எல்லோரும் பாடுவார்கள். சரணத்தில் மேல் காந்தாரம் வந்ததும் இரண்டு பெண்பிள்ளைகள் மட்டும் கத்துவார்கள். இடையிசைக்குக் கீபோர்ட்டில் ஒரு பீற்றைப் போட்டுவிட்டு எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். சனம் வாய் திறக்காது. பிறகு “சனம் பாடுதில்லை” என்று பூசைக்குப் பிறகு முறைப்பாடு. சனம் பாட இடம் விட்டோமா?

சுதிக் கணக்கை ஒரு தரம் பார்த்துவிடுவோம், இது கையில் வைத்திருக்க வேண்டிய கணக்கு. பயிற்சியில்லாத பெண்களும் ஆண்களும் ஒரே மெட்டை ஒரு ஸ்தாயி இடைவெளியில் சேர்ந்து பாடும்போது, இரு பாலாருக்கும் வசதியான எல்லை ஏறக்குறைய ஒரு ஸ்தாயியும் ஒரு நாலு சுரமும். இரண்டு கட்டையை ஆதாரமாக வைத்தால் கீழ்ப் பஞ்சமத்திலிருந்து மேல் ஷட்ஜம் வரை. அதற்கு மேல் ஒரு ரிஷபம் வேண்டுமென்றால் எடுத்துக்கொடுப்பவருக்கு வையுங்கள், சனத்துக்கு வேண்டாம். காலை ஆறு மணிப் பூசை என்றால் இன்னும் அரைக் கட்டை இறக்குங்கள். கீபோர்ட்டில் ட்ரான்ஸ்போஸ் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்துவது பாவம் அல்ல.

சுரத்தை எப்படிக் கொடுப்பது? கோட்டில் எழுதும் இசைக்குறி நமக்கு வேண்டாம். இங்கிலாந்தில் சாரா குளோவர் என்ற ஆசிரியை பிள்ளைகளுக்கென்று எழுத்துச் சுரமுறை ஒன்றை உண்டாக்கினார். ஜோன் கர்வன் என்ற போதகர் அதைத் திருத்திப் பரப்பினார். வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் அந்த எழுத்தை வைத்துத்தான் பெரிய கூட்டுப்பாடல்களையெல்லாம் பாடினார்கள். நமக்கு அதைக் கடன் வாங்கும் தேவைகூட இல்லை. ச ரி க ம என்று எழுதி மேலேயும் கீழேயும் புள்ளி வைத்தால் போதும். கொப்பியில் சொல்லுக்கு மேலே சுரம். ஒரு பக்கம். இரண்டாம் பக்கம் திருப்ப வேண்டியிருந்தால் பாட்டு நீளம் என்று பொருள்.

இனி நான் அதிகம் சண்டை பிடிக்கிற இடத்துக்கு வருகிறேன். சொல்.

தமிழில் குறிலும் நெடிலும் பொருளை மாற்றும். ஒரு பாட்டில் ‘வரம்’ என்ற சொல்லின் முதலெழுத்தில் இரண்டு தாளம் இழுக்கும்படி எழுதியிருந்தேன். ஒத்திகையில் முன்வரிசைச் சிறுமி கேட்டாள், “மாஸ்டர், நாங்க எதுக்கு வாரம் கேக்கிறோம்? ஒரு கிழமை லீவா?” அந்தப் பிள்ளை கேட்டது சரி. வரம் வாரம் ஆகும், படு பாடு ஆகும், கலை காலை ஆகும். தேர்ந்த பாடகர் இழுத்தாலும் குறில் குறிலாகக் கேட்கும்படி சமாளிப்பார். நம் குழாம் எழுதியபடி இழுக்கும். ஆகவே நீண்ட சுரத்தை நெடிலுக்கோ ஒற்றடுத்த எழுத்துக்கோ சொல்லின் கடைசிக்கோ கொடுங்கள். அது சந்தம் பார்த்த புலவர்களுக்குத் தெரிந்த சங்கதி. பாட்டெழுதும் நாம்தான் மறந்துவிட்டோம்.

இரண்டாவது, எடுப்பு. ஆங்கில ஞானப்பாட்டுகளில் பல, தாளம் விழுவதற்கு முன் ஒரு மெலிந்த அசையோடு தொடங்கும். அவர்கள் மொழியில் சொல்லுக்கு முன் ஒட்டிக்கொண்டு வரும் சின்னச் சொற்கள் உண்டு, அவை அந்த இடத்தில் பொருந்தும். தமிழில் சொல்லின் கனம் முதலில். ‘ஆண்டவரே’ என்பதை அந்த மெட்டில் வைத்தால் ‘ஆண்’ தாளத்துக்கு வெளியே நிற்கும், ‘ட’ தாளத்தில் போய் இடிக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டு மிஷனரிமார் மொழிபெயர்த்த பாடல்களைப் பாடும்போது ஏன் நாக்குத் தடுக்குகிறது என்றால் இதுதான் காரணம். தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார், 1774 இல் பிறந்தவர், அவருக்கு இந்த வில்லங்கம் வரவில்லை. கீர்த்தனையும் குறவஞ்சியும் அவர் வீட்டு வடிவங்கள். அதனால்தான் சீர்திருத்தச் சபைகளில் ஞானப்பாட்டு வேறு, கீர்த்தனை வேறு என்று இரண்டு பெயர் வந்தது. கிழவிமார் கண்மூடிப் பாடுவது எதை என்று அந்தச் சபைகளில் போய்க் கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, வினை. நம் வசனத்தில் வினை கடைசியில் வருகிறது. “உம்முடைய பிள்ளைகளாகிய எங்களை இந்தப் புயலிலிருந்து” வரைக்கும் ஒரு மூச்சில் பாடவிட்டு, அங்கே மூச்சு வாங்கவிட்டால், காப்பாற்றச் சொல்கிறார்களா தள்ளிவிடச் சொல்கிறார்களா என்று அடுத்த வரி வரும்வரை தெரியாது. இசை வாக்கியம் முடியும் இடத்தில் தமிழ் வாக்கியமும் முடிய வேண்டும். அதற்கு வாக்கியம் குறுக வேண்டும். இறையியல் படித்த சாமிமார் எழுதித் தரும் வரிகளில் நான் முதலில் தேடுவது பெயரெச்சத்தைத்தான். தேடிப் பிடித்து வெட்டுவேன். சிலர் இன்னும் என்னோடு கதைப்பதில்லை.

மடுவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆவணித் திருநாளுக்கு அந்த மரங்களுக்கு அடியில் இலட்சக்கணக்கில் சனம். தமிழும் சிங்களமும் கலந்த சனம். அங்கே பாட்டு எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வேகமான பாட்டு எடுத்தால் அரை நிமிஷத்தில் குழம்பிவிடும். சனம் பிழையாகப் பாடுவதால் அல்ல. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர்தான் போகும். மேடையிலிருந்து நூறு மீற்றருக்கு அப்பால் நிற்பவருக்கு மூன்றில் ஒரு நொடி கழித்துத்தான் பாட்டுப் போய்ச் சேரும். அவர் பாடுவது மேடைக்குத் திரும்பி வர இன்னொரு மூன்றில் ஒரு நொடி. தபேலாவின் ஒரு அடி தவறிப்போக அது தாராளம். ஆனால் அதே கூட்டம் மாதா பிரார்த்தனையை எடுத்தால் குழம்புவதே இல்லை. முன்னால் ஒருவர் ஒரு பட்டப்பெயர் சொல்வார், கூட்டம் இரண்டே சொல்லில் பதில் சொல்லும், பிறகு ஒரு சின்ன வெறுமை. அந்த வெறுமையில் பின்வரிசை வந்து சேர்ந்துவிடும். பிரார்த்தனையை உண்டாக்கியவர்களுக்கு ஒலியின் வேகம் தெரியாது. வெளியில் கூட்டத்தோடு செபித்த பழக்கம் தெரியும்.

பிரான்ஸ் நாட்டில் தெய்சே என்ற ஊரில் 1940 இல் றொஜர் சகோதரர் ஆரம்பித்த துறவியர் குடும்பம் உண்டு. அங்கே பல நாட்டு இளைஞர்கள் கிழமைக்குக் கிழமை வந்து போவார்கள். பொது மொழி இல்லை, பழக நேரம் இல்லை. சாக் பேர்த்தியே என்ற இசையமைப்பாளர் அவர்களுக்கென்று ஒரே ஒரு வரிப் பாட்டுகள் எழுதினார். கூட்டம் அந்த வரியைத் திருப்பித் திருப்பிப் பாடும். அதற்கு மேலே தேர்ந்தவர் ஒருவர் தனியாக வசனம் பாடுவார். தெய்சே பாடல்களைத் தமிழில் பெயர்த்துப் பாடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நம் பிற்பாட்டுக்காரன் பாரிசில் படித்திருந்தால் அதைத்தான் எழுதியிருப்பான் என்று சொல்கிறேன்.

இரண்டாம் குரல் வேண்டாமா என்று ஒரு தம்பி சற்று முன் கேட்டார். வேண்டும். நாற்குரலில் தோற்றவன் என்பதால் எனக்கு அதில் ஆசை கூடத்தான், குறையவில்லை. என் தோல்விக்குக் காரணம் ஆல்ட்டோவுக்கு நான் கொடுத்தது பாட்டே அல்ல, மிச்சம். சொப்ரானோவுக்கு மெட்டு, பேஸுக்கு அடித்தளம், இடையில் எஞ்சிய சுரங்களைப் பொறுக்கி ஆல்ட்டோவுக்கும் டெனருக்கும் போட்டிருந்தேன். நம்முடைய காது சுதியும் இராகமும் கேட்டு வளர்ந்த காது. மெட்டாக இல்லாத ஒன்றை அது மனதில் வைத்திருக்காது. இரண்டாம் குரலைத் தனியே வீட்டில் முணுமுணுக்க முடியுமென்றால் அது நிற்கும். முடியாதென்றால் மூன்றாம் வரியில் வழுக்கும்.

அதற்கு மூன்று வழி உண்டு. ஒன்று, ஒரு குழு ஆதாரத்தையோ பஞ்சமத்தையோ பிடித்துக்கொண்டு நிற்பது. இது தம்புராவைக் கேட்டவனுக்குச் சொல்லித்தரத் தேவையில்லாதது. இன்னொன்று, பதில் வரியை மட்டும் இரண்டாகப் பிரிப்பது, களரி ஓரத்தில் அந்த இரண்டு பேர் செய்ததுபோல. மூன்றாவது, ஒரே மெட்டைப் பிந்திப் பிந்தி எடுப்பது. இதில் பழக்க வேண்டியது ஒரே மெட்டு. குரல் இரண்டு கேட்கும். இதுதான் எனக்குப் பிடித்தது.

பிந்தி எடுக்க எல்லா இராகமும் இடம் கொடாது. மாயாமாளவகௌளையில் செய்து பாருங்கள், ஷட்ஜத்துக்கும் சுத்த ரிஷபத்துக்கும் இடையில் உள்ள அந்த அரைச்சுரம் ஒன்றோடொன்று முட்டிப் பல் கூசும். தவக்கால இராகங்கள் பலவற்றுக்கு இந்தத் தொல்லை உண்டு; அவற்றை ஒற்றைக் குரலில், சுதியோடு விட்டுவிடுவது நல்லது. துக்கம் தனிமையாக இருக்கட்டும். மோகனத்தில் அந்தத் தொல்லை இல்லை. ச ரி க ப த என்ற ஐந்தில் எந்த இரண்டுக்கும் இடையில் அரைச்சுரம் கிடையாது. எதை எதோடு வைத்தாலும் பெரிய பிழை வராது. பழகாத குழாமுக்குக் கடவுள் கொடுத்த இராகம் என்பேன். ஹம்சத்வனிக்காரர் கோபிக்க வேண்டாம்.

ஒரு சின்ன உதாரணம் செய்துகொண்டு வந்திருக்கிறேன். கடலும் உலர்ந்த தரையும் இறைவனுடையவை என்று சங்கீதப் புத்தகம் பல இடங்களில் பேசுகிறது. அந்தக் கருத்துக்குப் பதிலுரையாக நான் கட்டிய வரி இது: கடலும் உமது, கரையும் உமது.

சொல்லைப் பாருங்கள். க-ட-லும், உ-ம-து, க-ரை-யும், உ-ம-து. மூன்று மூன்று எழுத்தாக நாலு கட்டு. நெடில் ஒன்றுகூட இல்லை, ஆகவே எதையும் இழுக்க வேண்டாம். ‘ரை’ என்ற எழுத்தை நெடில் என்று நினைத்து நீட்டாதீர்கள். சொல்லின் நடுவில் வரும் ஐகாரம் குறுகும் என்பது இலக்கணம். திஸ்ர நடை தானாக வந்துவிடும், வள்ளம் ஆடுகிற ஆட்டம். ஒவ்வொரு கட்டும் சொல்லின் முதலெழுத்தில் தொடங்குகிறது, தாளம் அங்கேதான் விழுகிறது.

மெட்டு இது. கடலும்: க க ரி. உமது: ரி ரி ச. கரையும்: க ப த. உமது: ப ப க. முழுவதும் ஷட்ஜத்துக்கும் தைவதத்துக்கும் இடையில், ஆறு சுரத் தூரம். தடிமன் பிடித்தவரும் பாடலாம்.

இப்போது பெண்கள் எடுக்கட்டும். அவர்கள் “கரையும்” என்று மூன்றாம் கட்டுக்கு வரும்போது ஆண்கள் முதலிலிருந்து “கடலும்” என்று எடுக்கட்டும். என்ன நடக்கிறது? பெண்கள் க ப த, ஆண்கள் க க ரி. முதலில் ஒரே சுரம், பிறகு விலகுகிறது, மூன்றாவதில் ரிஷபமும் தைவதமும் பஞ்சம உறவில் நிற்கின்றன. அடுத்த கட்டில் இருவருக்கும் ஒரே சொல்: உமது. அங்கே காந்தாரமும் ஷட்ஜமும் சேர்ந்து முடிகின்றன. கடலில் நிற்பவர்கள் கடல் என்கிறார்கள், கரையில் நிற்பவர்கள் கரை என்கிறார்கள், ‘உமது’ மட்டும் சேர்ந்து வருகிறது. இதை நான் திட்டமிட்டுச் செய்தேன் என்று சொன்னால் பொய். மெட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டது. ஒரு வரி சரியாக அமைந்தால் இப்படிச் சில இனாம்கள் கிடைக்கும்.

அன்றைக்கு ஆண்கள் தொழிலுக்குப் போய்விட்டார்களா? பிள்ளைகள் இரண்டாவதாக எடுக்கட்டும். பிள்ளைகளும் இல்லையா? ஒரே குரலில் பாடுங்கள், மெட்டு முழுசாகத்தான் இருக்கும். சங்கீத வசனங்களை எடுத்துக்கொடுப்பவர் மோகனத்திலேயே விருத்தமாகப் பாடலாம், தாளம் வேண்டாம். முடிக்கும்போது காந்தாரத்தில் கொண்டுவந்து விட்டால் சனம் தானாக எடுக்கும். மத்தளம் இருந்தால் பதில் வரிக்கு மட்டும். கீபோர்ட்காரத் தம்பி பீற் போட வேண்டாம், ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் அழுத்திக்கொண்டு இருந்தால் போதும். அவருக்குச் சலிப்பாக இருக்கும். பரவாயில்லை.

கதைத்தது போதும். அந்த அண்ணாவியார் இன்று இருந்திருந்தால் இவ்வளவு நேரம் பேசவிட்டிருக்க மாட்டார். தம்பி, ஓர்கனில் இரண்டு கட்டை பிடியுங்கள். யன்னல் பக்கம் இருக்கிற அக்காமார் முதலில் எடுங்கள். கதவுப் பக்கம் இருக்கிற ஆண்கள், நாலு பேர்தானே, போதும், “கரையும்” என்று அவர்கள் வந்ததும் நீங்கள். பார்த்துக்கொள்ளக் கொப்பி வேண்டாம். ஒன்று, இரண்டு, மூன்று.